பாறைமேட்டில் தொங்கிய போன்

எங்கள் வீட்டுக்குள் செல்போன் என்பது நேரம் பார்க்கத்தான். சிக்னல் வேண்டுமென்றால் காப்பித் தோட்டம் வழியாக ஏறி, தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற பாறைமேட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் எல்லா இடத்திலும் கிடைக்காது. மேட்டின் மேற்கு விளிம்பில், அதுவும் தலைக்கு மேலே கையைத் தூக்கினால்தான் கிடைக்கும்.

அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் என் கணவர் குட்டய்யாவின் தங்கை போஜம்மா. அவள் புருஷன் சோமய்யா ராணுவத்தில் இருக்கிறான். அவனை வடக்கே எல்லைக்கு மாற்றியதும், பெங்களூரில் தனியாக இருப்பானேன் என்று அவள் எங்களோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளின் முன்பதிவு பார்க்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விளிம்பில் ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் போனை பாலித்தீன் உறைக்குள் கட்டித் தொங்கவிட்டாள். அங்கே காற்று தார்ப்பாயைக் கிழித்துவிடும் என்பதால், சற்றுத் தள்ளி பலா மரத்தின் பக்கத்தில் குட்டய்யா அவளுக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டால் கொட்டகையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு நெட் வந்துவிடும். மழை இரைச்சலில் கேட்க வேண்டும் என்று போனின் மணிச்சத்தத்தை முழுதாக வைத்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் நெட் அறுந்துவிடும், அது ஒன்றுதான் தொல்லை.

எங்கள் ஊர்க் கக்கட மாதம், ஆடி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். தோட்டத்துப் பலாக்களை எல்லாம் யானைக்குப் பயந்து குட்டய்யா முன்பே வெட்டி இறக்கியிருந்தார். கொட்டகைப் பக்கத்து மரத்தில் மட்டும் உச்சியில் எட்டாத இரண்டு மூன்று காய்கள் நின்று பழுத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்று கம்பெனியின் வாராந்தரக் கூட்டம். எல்லாரும் முகத்தைக் காட்ட வேண்டும் என்று மேலதிகாரி வசுமதி சொன்னதால் போஜம்மா கேமராவைப் போட்டிருந்தாள். காதில் இயர்போன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவில், அவளோடு வேலை பார்க்கும் நிரஞ்சன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"போஜம்மா மேடம், உங்க பின்னாடி யாரோ குடை பிடிச்சிட்டு நிக்கிறாங்க. டீ கொண்டாந்திருக்காங்க போல. எங்களுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க."

நான் டீ கொண்டுபோகவில்லை. அந்த நேரத்தில் யாரும் மேலே போவதில்லை. போஜம்மா திரும்பிப் பார்க்காமல், திரையின் மூலையில் இருந்த தன்னுடைய சின்னப் படத்தைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால், பனிக்குள், அந்தக் குடை மெதுவாக மடங்கி மறுபடி விரிந்தது. அது காது.

அவள் கத்தவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, கூட்டத்தில் இருந்தவர்களுக்கு எழுதினாள்: யானை. குட்டியும் கூட இருக்கு. யாரும் என் போனுக்கு அடிக்காதீங்க, ரிங் சத்தம் பெருசு. அதற்குக் கீழே எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பரை எழுதி, அக்காவிடம் சொல்லுங்கள் என்று போட்டாள். என்னை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் அடுப்பில் அக்கி ஒட்டி, எங்கள் அரிசி ரொட்டி, போட்டுக்கொண்டிருந்தேன். லேண்ட்லைன் அடித்தது. தெரியாத பெண்குரல்.

"நான் வசுமதி பேசறேன், போஜம்மாவோட ஆபீஸ். பதறாம கேளுங்க. அவங்க பக்கத்துல யானை நிக்குது. குட்டியோட."

ரிசீவரைப் பிடித்தபடியே குட்டய்யாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், வெடிப் பையை எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துப் பூவய்யாவும் சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டான். வனத்துறைக்காரர்கள் விராஜ்பேட்டையிலிருந்து மலைப்பாதையில் வந்து சேர இருட்டிவிடும். யானை இறங்கினால் நாங்கள் எப்போதும் செய்வது ஒன்றுதான், கீழே நின்று வெடி போடுவோம், அது மேலே காட்டுக்குள் ஓடிவிடும். அதற்குத்தான் இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியபோது வசுமதி சொன்னாள். "இருங்க, அவங்க ஏதோ எழுதறாங்க. படிக்கிறேன். 'அண்ணனைக் கீழேர்ந்து வெடி போட வேண்டாம்னு சொல்லுங்க. காட்டுக்கும் யானைக்கும் நடுவுல நான் இருக்கேன். போட்டா என் மேலதான் ஓடும்.'"

நான் அதை அப்படியே கத்திச் சொன்னேன். முற்றத்தில் குட்டய்யா நின்றுவிட்டார். பெரிய உடம்புக்காரர், சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப எந்தப் பக்கமா போறது? கேளு."

கேட்டேன். வசுமதி எழுதி, போஜம்மா பதில் எழுதி, அது எனக்கு வந்து சேருகிற வரை அடுப்பில் ஒட்டி தீய்ந்துகொண்டிருந்தது. பூவய்யாவின் தோட்டம் வழியாகச் சுற்றி, கிழக்கே இருந்து வந்து, மேற்கே ஓடைப் பள்ளத்துப் பக்கம் விரட்டச் சொன்னாள். அது நீண்ட சுற்று. செங்குத்து ஏற்றம், காலெல்லாம் அட்டை. இருவரும் ஓடினார்கள். நானும் போனுமாக வீட்டில் நின்றேன்.

மேலே நடந்ததை வசுமதி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவள் பேசினால் அங்கே யானைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. தாய் பலா மரத்தடியில் முன்காலைத் தூக்கி மரத்தில் வைத்துக்கொண்டு தும்பிக்கையை நீட்டுகிறது. கிளை முறிகிற அதிர்வு மேஜையில் தெரிகிறதாம். குட்டி கொட்டகையைச் சுற்றி வந்து மூங்கிலுக்குப் போய்விட்டது. காற்றில் ஆடும் பாலித்தீன் உறையை அது அண்ணாந்து பார்க்கிறதாம்.

பிறகு வசுமதி கேட்டாள், "ஆபீஸ்ல யாரும் அவங்க போனுக்கு அடிக்க மாட்டோம். வெளியில வேற யாராவது கூப்பிட வாய்ப்பிருக்கா?"

அப்போதுதான் எனக்குச் சோமய்யாவின் நினைவு வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில், காவல் முடிந்ததும், தினமும் அவளைக் கூப்பிடுவான்.

நான் சோமய்யாவின் நம்பரைச் சொன்னேன். நிரஞ்சன் அதை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. "அவர் சிக்னலுக்குள்ள வந்த உடனே நம்ம கால் முதல்ல போகணும். அதான் அடிச்சிட்டே இருக்கான்" என்றாள் வசுமதி. முன்னே டீ கேட்டுக் கேலி செய்த பையன் இப்போது அழுதுகொண்டே அடிக்கிறான் என்றும் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்து எங்கள் சாமி இகுத்தப்பனை வேண்டிக்கொண்டேன். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து வசுமதி "அக்கா," என்றாள். அதுவரை என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டதில்லை. "அக்கா, படம் நின்னுடுச்சு. அவங்க அப்படியே உறைஞ்சு நிக்கிறாங்க. நெட் போயிடுச்சு."

ரிசீவரை எப்போது வைத்தேன் என்று தெரியாது. வைத்த கையோடு மணி அடித்தது. எடுத்தேன்.

"என்னக்கா, உங்க நாத்தனாருக்கு என்ன கோபம்? ஒரு ரிங் முழுசாப் போகல, கட் பண்ணி போனையே ஆஃப் பண்ணிட்டா. நேத்து சண்டைகூடப் போடலையே."

சோமய்யாதான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"இங்க மழை பலம், சோமு. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடு" என்றேன். சரி என்று வைத்துவிட்டான். உடனே வசுமதி மறுபடி கூப்பிட்டாள்; இனி அவனுக்கு அடிக்க வேண்டாம், எதுவும் சொல்லவும் வேண்டாம் என்று நிரஞ்சனிடம் சொல்லச் சொன்னேன்.

அதன் பிறகுதான் கிழக்கே வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு வரிசையாக. நடுவே துப்பாக்கி. அதற்கப்புறம் ஒரு பிளிறல். அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்று மழையில் பிடிபடவில்லை. நான் வாசலுக்குப் போகவில்லை. போனால் யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

மேலே நடந்தது இதுதான். போன் மணி அலறியது குட்டியின் தலைக்கு நேர் மேலே. குட்டி வீறிட்டது. தாய் மரத்தை விட்டுவிட்டுக் குட்டியிடம் பாய்ந்தபோது கொட்டகையின் ஒரு மூலை அதன் விலாவில் மாட்டி, தார்ப்பாய், மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் சரிந்தன. போஜம்மா நாற்காலியோடு விழுந்து, பாறைச் சரிவில் காப்பிச் செடிகளுக்குள் உருண்டாள். தாய் மூங்கிலைப் பிடுங்கித் தரையில் அடித்து, மணி நின்ற பிறகும் மிதித்துக்கொண்டிருந்தது. குட்டய்யாவும் பூவய்யாவும் மேட்டில் ஏறியபோது அது அங்கேயேதான் நின்றது. வெடிக்கும் துப்பாக்கிக்கும் பிறகே குட்டியைத் தள்ளிக்கொண்டு மேற்கே ஓடைப் பள்ளத்தில் இறங்கியது.

ஆனால் போஜம்மாவைக் காணவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதிலில்லை. கொட்டகை கிடந்த கோலத்தைப் பார்த்துக் குட்டய்யா அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பூவய்யாதான் டார்ச்சோடு செடிகளுக்குள் புகுந்து புகுந்து தேடினான். அவன் கால் அவள் கையில் பட்டபோதுகூட அவள் அசையவில்லை. முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தாள். அவர்கள் கூப்பிட்டதெல்லாம் கேட்டிருக்கிறது. வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று பதில் சொல்லவில்லை.

பூவய்யாவின் முதுகில்தான் வந்து சேர்ந்தாள். தோள்பட்டை இறங்கியிருந்தது, உடம்பெல்லாம் சிராய்ப்பு. அவளை அடுப்பங்கரையில் உட்காரவைத்து வெந்நீரால் துடைத்துக்கொண்டிருந்தபோது லேண்ட்லைன் மறுபடி அடித்தது. சத்தம் கேட்டதும் என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"சோமுவா இருக்கும். உன் குரலைக் கேட்டாத்தான் நம்புவான்" என்றேன்.

"அவர் போன் அடிச்சதாலதான்னு சொல்லாதே அக்கா. பனியில காவல் நிக்கிற மனுஷன். அதையே நினைச்சிட்டு நிப்பார்."

ரிசீவரை நான்தான் அவள் காதில் வைத்துப் பிடித்தேன். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றாள். வழுக்கி விழுந்து தோள் வலிக்கிறது என்றாள். அவன் அவளைக் கேலி செய்தான்போலிருக்கிறது, சிரிக்கப் பார்த்தாள்.

தோள் குணமானதும் அவள் மடிக்கேரியில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டாள். வாசலில் பஸ் நிற்கும், ஜன்னலுக்கு வெளியே கடைகள், எந்நேரமும் ஆள் நடமாட்டம். சோமய்யா விடுமுறையில் வந்தபோது இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்; அவனுக்கு உண்மை தெரிந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவன் எழுந்து, கொட்டும் மழையில் தனியாகப் பாறைமேட்டுக்கு ஏறினான். அவன் திரும்பி வருகிறவரை நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.