நாவின் கீழா, மார்பின் மேலா

மயிலைத் திருக்கோயிலில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பதிகம் பாடிவந்த வைரவன் ஓதுவாருக்கு ஒரு நெறி உண்டு: எடுத்த பதிகத்தை இடையில் நிறுத்துவதில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் நெஞ்சுவலி கண்டபோதும் அவருடைய கவலை அது ஒன்றே.

லஸ் முனையருகே இருந்த தம் அறையில் இதய மருத்துவர் ஸ்ரீரஞ்சனி இரு வழிகளை எடுத்துரைத்தார்.

"மருந்து ஒண்ணுதான், ஓதுவாரே. மாத்திரையா நாக்குக்கடியில வச்சேள்னா ரெண்டு மூணு நிமிஷத்துல ரத்தக்குழாய் விரிஞ்சு வலி விடும். பிளாஸ்திரியா மார்ல ஒட்டினா தோல் வழியா மெதுவா இறங்கும். வலி வராம தடுக்கும். வந்த வலிக்கு உதவாது."

"மாத்திரை கரையிற வரைக்கும் பாடலாமா?"

"கூடவே கூடாது. வாயை மூடிண்டு உட்காரணும். நின்னா தலை சுத்தும்."

"அப்ப பிளாஸ்திரியே போதும்மா."

"காலைல ஒட்டி ராத்திரி எடுத்துடுங்கோ. மாத்திரையும் எப்பவும் இடுப்புல இருக்கணும்."

பங்குனித் திருவிழாவன்று நீராடியவர், குழைத்த திருநீற்றை மார்பெங்கும் பூசிய பின்னரே பிளாஸ்திரியை ஒட்டினார். நீறு படாத மேனியில் பிறிதொன்று முதலில் படலாகாது என்பது அவர் கொள்கை. பசை பற்றியது நீற்றைத்தான், தோலை அன்று.

பிற்பகல் வெயிலில், வடக்கு மாட வீதியில், பல்லக்கின் பின்னே நின்று பதினொரு பாட்டுப் பதிகத்தில் ஏழாம் பாட்டை முடித்த கணத்தில் நெஞ்சு இறுகியது. கை மார்புக்குப் போயிற்று. அங்கே வேர்வையும் கரைந்த நீறுமே இருந்தன. பிளாஸ்திரி எந்தத் தெருவில் நழுவிற்றோ, அவர் அறியார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி சொர்ணம் ஓடிவந்தாள்.

"மாத்திரையை வைங்க!"

"இன்னும் நாலு பாட்டுதான்."

"நீங்க போய்ச் சேர்ந்துட்டா அந்த நாலையும் யாரு பாடுறது? நானா?"

ஓதுவார் வீதியோரம் ஒதுங்கினார். ஒரு பாத்திரக் கடைப் படியில் அமர்ந்து, மாத்திரையை நாவின் கீழ் இட்டு, வாயை மூடிக்கொண்டார். பல்லக்கு அவருக்காக நிற்கவில்லை. கூட்டத்தோடு அசைந்தசைந்து முனை திரும்பியது. நாகசுர ஒலியும் தேய்ந்தது.

மாத்திரை கரைந்தது. தலை விண்ணென்று தெறித்தது. நெஞ்சின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"ஆட்டோ பிடிக்கிறேன், டாக்டரம்மாகிட்ட போவோம்" என்றாள் சொர்ணம்.

"பிடி. அது வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"சாமி பாட்டை உட்கார்ந்துகிட்டா பாடுவாங்க?"

"நின்னா தலை சுத்துமாம்."

வெறிச்சோடிய வீதியை நோக்கி, தாழ்ந்த குரலில், எட்டாம் பாட்டை எடுத்தார்.