ஒண்ணுமில்லை

"ஒண்ணுமில்லை" என்று யாராவது சொன்னால், ஜன்னலோரப் படுக்கைச் சிறுமியின் உடம்பில் ஏதாவது ஓரிடம் மறைந்துவிடும். முதல் ஊசியின்போது அம்மா சொன்னாள், இடது சுண்டுவிரல் போனது. பார்க்க வந்த சித்தப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார், இரண்டு காதும் போயின. தொட்டால் இருக்கும், பார்த்தால் இருக்காது. பெரிய டாக்டர் ரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இதையும் குறித்துவைத்தார்.

நோயைப் பற்றிக் குழந்தைகளுக்கும் பெற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். பட்டப்பெயர் விளக்கக்காரி. கேட்டதையே கேட்டாலும் அலுக்காமல் சொல்வாள், கேட்காவிட்டாலும் விடமாட்டாள். துணிப்பொம்மையின் வயிற்றில் ஜிப் வைத்துத் தைத்திருந்தாள். அதைத் திறந்து கணையத்தைக் காட்டி, இது இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அதனால் நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்பாள். சிறுமிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அம்மாவும் முதல் பாடத்திலேயே அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். வம்பெல்லாம் அப்பாவிடம்தான். பேருந்து ஓட்டுகிறவர், வேலை முடிந்து வரும்போதெல்லாம் மகளுக்கு மிட்டாய் வாங்கி வந்தவர். பாடம் நடக்கையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணுமில்லடா கண்ணு" என்பார். ஒரு தோள் போகும். அம்மா விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவள், ஆகவே வீட்டில் காலை ஊசி போடவேண்டியவர் அவர். ஊசி இல்லாமல் பிள்ளை பிழைக்காது. வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோதோ கழுத்துக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை.

விளக்கக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு, நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க மிட்டாய் வாங்கிக் குடுத்ததால இது வரலைங்க."

"அப்ப யாராலங்க?"

"யாராலயும் இல்ல. உங்க பொண்ணுக்கு என்ன இருக்குன்னு அவகிட்டயே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

சாப்பாட்டு வண்டி வந்து போனது. அவர் அழுதார். அவள் அழவிட்டாள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் மகள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குச் சர்க்கரை நோய் இருக்குடா. தினமும் ஊசி போடணும். வலிக்கும். அப்பா போடறேன்."

காதுகள் வந்தன, தோள்கள் வந்தன, "வலிக்கும்" என்றபோது தொடை வந்தது. ஊசியை வாங்கி அங்கேயே போட்டார்.

சுண்டுவிரல் மட்டும் திரும்பவில்லை. சிறுமி வளர்ந்தாள், படித்தாள், முதல் சம்பளத்தில் அந்த விரலுக்கு ஒரு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது கைக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிற்கும். பேருந்தில் அவள் ஊசியை எடுப்பதைப் பார்த்துவிட்டு யாராவது, "உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்று கேட்பார்கள்.

"இருக்குங்க. சர்க்கரை. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, போட்டுக்கறேன்" என்பாள். அவர்களும் தள்ளி உட்காருவார்கள்.