மூன்றாவது ஓட்டு

ஊரில் உள்ள நடுவர்களிலேயே கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கால்பந்து மைதானத்தில் நடுவரைப் பார்த்து "கண்ணாடி போடுய்யா!" என்று கத்துவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இவரைப் பார்த்து அப்படிக் கத்தினால் கத்தியவனுக்கே சிரிப்பு வந்துவிடும். அடுத்த வாரம் அவனே பவர் ஏறிவிட்டது என்று கடைக்கு வந்து நிற்பான். கண்ணாடிக்காரர் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. பிழைப்பு கடையில் என்றாலும் கௌரவம் முழுவதும் விசிலில்தான் இருந்தது. சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டியவர் அவர். தம்பி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் மனிதர் ஏதோ பதக்கம் வாங்கியது மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கௌரவம்தான் பிற்பாடு அவரைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சிக்கலில் நிறுத்தியது.

ஊர்க் கால்பந்துக் கழகம் மைதானத்துக்குப் புதிதாக ஒரு கேலரி கட்டியது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து ஆடியவர்களில் தலைசிறந்த பதினொரு பேரைப் பொறுக்கி, அவர்கள் முகங்களை அதன் பின்சுவரில் வரைவது என்று முடிவாயிற்று. அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. இரண்டென்ன, இருபதுபட்டது! முடிதிருத்தும் கடையில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து சண்டைக்குப் போனார். பந்தை ஒருநாளும் காலால் தொட்டறியாதவர்களெல்லாம் நடுவில் யார், இடது ஓரத்தில் யார் என்று பாடம் எடுத்தார்கள்.

"எங்க காலத்து ஆட்டம்தாண்டா ஆட்டம். இப்ப நீங்க ஆடறதுக்குப் பேரு டான்ஸ்."

"உங்க காலத்துல எதிரே வர்றவனுக்கு ரெண்டு ஓட்டம் ஓடினா மூச்சு வாங்கும். அவன் குனிஞ்சு மூச்சு வாங்கறப்ப கோல் போட்டதுக்கு இவ்ளோ பீத்தலா?"

கடைசியில் கழகத் தலைவர் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று பேர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும், யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒருவர், தடுப்பாட்டக்காரராக ஆடி ஓய்ந்து அங்கேயே பயிற்சியாளரான கோச். இன்னொருவர், காலமெல்லாம் ஆட்டச் செய்தி எழுதிய பத்திரிகைக்காரர். மூன்றாவது, யாருக்கும் சாயாத நடுவர் என்று பேரெடுத்த நம் கண்ணாடிக்காரர்.

பத்து இடங்களைச் சண்டையும் சமாதானமுமாக நிரப்பினார்கள். கோச்சின் பெயர் வந்தபோது கோச் எழுந்து வெளியே போய் நின்றார். மற்ற இருவரும் ஒரு நொடிகூட யோசிக்காமல் அவரைச் சேர்த்தார்கள். மிஞ்சியது கோல்கீப்பர். அதற்கு இரண்டே பேர்தான். ஒருவர் 'பூனை'. அந்தரத்தில் பறந்து பறந்து பிடிப்பார், பார்க்க அவ்வளவு அழகு. வெளியூர் போய் அங்கேயே காலமாகிவிட்டார். மற்றவர் 'மதில்'. அவர் பறக்க மாட்டார். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பார். இந்த மதில்தான் கண்ணாடிக்காரருக்குப் பெண் கொடுத்த மாமனார்.

அப்போதே இவரும் எழுந்து வெளியே போயிருக்கலாம். கோச் கண்ணாலேயே வாசலைக் காட்டினார். இவர் நாற்காலியை இன்னும் நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கோச் மதில் என்றார். பத்திரிகைக்காரர் பூனை என்றார். இருவரும் இவர் வாயைப் பார்த்தார்கள்.

மனசுக்குத் தெரியும். சின்ன வயதில் கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து இருவர் ஆட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர் அவர். பூனை அப்படிப் பறந்ததே தப்பான இடத்தில் நின்றதால்தான் என்பது அவருக்குத் தெரியாதா? மதில்தான் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் 'மாமனாருக்கு ஊதிட்டான்யா' என்று ஊர் சிரிப்பது அந்தக் கணமே காதில் விழுந்துவிட்டது. இத்தனை வருடம் சேர்த்த பேர்!

"பூனை" என்றார்.

"மனசறிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கோச் கேட்டார்.

"ஆமா. இதுல சொந்தம் பந்தம் பாக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்தால் மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தாங்கவில்லை போலிருக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்து அவரே வந்துவிட்டார். பூனை தேர்வான விஷயம் தலைவர் மூலம் அதற்குள் எட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றினார், மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கை கழுவப் போனார்.

"ரெண்டு பேர் சேந்து அப்பாவைக் கவுத்துட்டாங்க, அப்படித்தானே?" என்றாள் மனைவி. "நீங்க சொல்ல வேணாம். வெளிய சொல்லக் கூடாதுன்னு பேச்சு. நீங்க யாருக்குப் போட்டிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். துண்டில் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மாலை மைதானத்தில் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். மாமனார் நேராகப் போய் கோச்சின் எதிரே நின்றார். இருவரும் ஒன்றாக ஆடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பார்வை மங்கிய பிறகு மாமனாரை மாலைதோறும் ஸ்கூட்டரில் ஏற்றி மைதானத்துக்கு அழைத்துவருவதே கோச்தான். அன்று மட்டும் மாமனார் தட்டுத்தடுமாறித் தனியாக நடந்து வந்திருந்தார்.

"பத்திரிகைக்காரன் எப்பவும் பூனை கட்சி. அது எனக்குத் தெரியும். மிச்சம் நீதான். நீதானடா?"

கோச் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கோட்டோரம் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தப்புக்கு ஊதியவர். ஊதவில்லை.

"ஆமாண்டா, நான்தான். அதுக்கு இப்ப என்ன?" என்றார் கோச்.

"என்னவா? உன் ஓட்டையெல்லாம் அடைச்சவன் நான்டா! நீ கோட்டை விட்ட பந்தையெல்லாம் நெஞ்சுல வாங்கினவன் நான். சுவத்துல உன் மூஞ்சி எப்படி வந்துச்சுன்னு ஊருக்குத் தெரியாதா? பந்திக்கு நீயே பரிமாறுவே, பெரிய துண்டா எடுத்து உன் இலைல நீயே போட்டுக்குவே!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கோச்சின் முகம் சுருங்கிப்போனது. வாய்வரை வந்த எதையோ விழுங்கிக்கொண்டு, பையன்களிடமிருந்து பந்தை வாங்கிப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு மாமனார் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கவே இல்லை.

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தினமும் கோச்சைக் கரித்துக் கொட்டுவாள். "சின்ன வயசுல அவர் தோள்ல ஏறித்தான் ஆட்டம் பார்த்தேன். இப்படி ஒரு நெஞ்சா அந்த மனுஷனுக்கு? இனி இந்தப் பக்கம் வரட்டும், தண்ணிகூடக் கிடையாது." இவர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டார். சே, என்ன பிறவி நான் என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஊரெல்லாம் 'பாவம், மாமனாருக்காகப் போராடித் தோத்துட்டார்' என்று அனுதாபம் வேறு. எந்தப் பேருக்காக அப்படிச் செய்தாரோ அந்தப் பேரும் கிடைக்கவில்லை பாருங்கள்!

பொறுக்க முடியாமல் ஒருநாள் கோச்சைத் தேடிப் போனார். கோச் கழக அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

"நீங்க சொல்லலையே. யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல?" என்று கோச் பம்பை விடாமல் அழுத்தினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மாமனார் கடைக்கு வந்தார். வாசலில் ஒரு படி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் கால் இடறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் ஓடிப்போய்க் கைகொடுத்து உள்ளே சோதனை அறைக்கு அழைத்துவந்தார். விளக்கை அணைத்து, எழுத்துப் பலகைக்கு மட்டும் வெளிச்சம் போட்டு, சோதனைக்கான அந்தக் கனத்த பிரேமை அவர் மூக்கில் மாட்டினார். வில்லைகளை ஒவ்வொன்றாக அதில் செருகி மாற்றினார்.

"இது தெளிவா இருக்கா மாமா, முன்னாடி போட்டது தெளிவா?"

"முன்னாடி போட்டது."

"இது?"

"இதுவும் அதுவும் ஒண்ணுதான்."

முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். வில்லைக்குள் மாமனாரின் கண்கள் இரண்டு மடங்காகத் தெரிந்தன. அவற்றை நேரே பார்த்தாக வேண்டும், தொழில் அப்படி. கண்ணாடிக்காரரால் முடியவில்லை.

"மாமா, அந்த மூணாவது ஓட்டு என்னோடது."

"தெரியும்" என்றார் மாமனார்.

"தெரியுமா?"

"பெனால்டி அடிக்க வர்றவன், அடிக்கப் போற பக்கத்தைப் பாக்கவே மாட்டான். மங்கின கண்ணுக்கும் அது தெரியும். அன்னிக்கு வீட்டுக்குள்ள வந்ததும் என் மூஞ்சியைத் தவிர எல்லாத்தையும் பாத்தீங்க மாப்பிள்ளை."

"தெரிஞ்சுமா அவரை அப்படிப் பேசினீங்க?"

"வேற யாரைப் பேசறது? உங்களையா? எம் பொண்ணு உங்க வீட்ல இருக்கா. மருமகனைத் திட்டிட்டு மறுநாள் எந்த மூஞ்சியோட வந்து நிப்பேன்? அவன்னா தாங்குவான்னு நெனச்சேன். கோவம் நெசம்தான், ஆள்தான் மாறிப்போச்சு. அவனும் புரிஞ்சுக்கிட்டுத்தான் நான்தான்னு சொன்னான். ஆனா சுவத்து விஷயத்தை இழுத்தேன் பாருங்க, அது தப்பு. வாய் நின்னாத்தானே?" மாமனார் பெருமூச்சு விட்டார். "போகட்டும். உங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது. படுத்துப் படுத்து யோசிச்சேன். மாமனாராச்சேன்னு பாக்காம, மனசுக்குப் பட்டதைச் சொல்லியிருக்கார், நல்ல மனுஷன் கையிலதான் பொண்ணைக் குடுத்திருக்கோம்னு தோணுச்சு. பூனை என்னைவிடப் பெரியவன்னு உங்களுக்குப் பட்டிருக்கு. இத்தனை நாளா நான்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சரி, இல்லை போலன்னு ஏத்துக்கிட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்தது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, மரியாதையும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த 'ஏத்துக்கிட்டேன்' இருக்கிறதே, அதைச் சொல்லும்போது கிழவர் தோள் இறங்கியதைக் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள்.

"இல்ல மாமா. பூனை இல்ல. நீங்கதான் பெரியவர். அன்னிக்கே எனக்குத் தெரியும். அவர் பறந்ததே தப்பான இடத்துல நின்னதாலதான்."

"அப்புறம்?" என்றார் மாமனார்.

"மாமனாருக்கு ஊதிட்டான்னு சொல்லுவாங்களோன்னு... பேரு கெட்டுடுமேன்னு..."

திட்ட மாட்டாரா, ஓங்கி ஓர் அறை கொடுக்க மாட்டாரா என்று இருந்தது. மாமனார் பிரேமைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பழைய கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி ஒண்ணும் அவசரமில்லைங்க மாப்பிள்ளை. மெதுவாப் பாத்துக்கலாம்."

எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். படிக்கருகே கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். மாமனார் அந்தக் கையைத் தொடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடி அழுத்தினார்.

"டேய், நான்தான். வச்சிடாதே. பேசினது தப்புதாண்டா, வந்து நாலு வார்த்தை நீயும் திட்டிக்கோ. கண்ணாடிக் கடை வாசல்ல நிக்கிறேன், படி தெரியலை. வந்து கூட்டிட்டுப் போ."

உள்ளே வந்து உட்காரச் சொல்லி இவர் இரண்டு முறை கேட்டார். "பரவாயில்லைங்க" என்று இரண்டு முறையும் மரியாதையாகப் பதில் வந்தது. ஸ்கூட்டர் வந்து நின்றது. கோச் இறங்கி, மாமனாரின் கையைப் பிடித்துப் படியிறக்கி, பின்சீட்டில் உட்காரவைத்தார். அப்புறம்தான் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, உன் மாப்பிள்ளைதான் இங்கேயே இருக்காரே? அவர் கொண்டுவந்து விடமாட்டாரா?"

"அவரைத் தொந்தரவு பண்ணாதடா" என்றார் மாமனார். "மாமனாருக்குச் சலுகை காட்டிட்டார்னு ஊர்ல பேசிடப் போறாங்க."

கோச் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.