கொட்டிய தண்ணீர்

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும் எழிலரசி அத்தை வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் வாசல் சாக்கடையில் கொட்டத் தொடங்கினாள். அண்டா, குடம், சொம்பு, அப்பாவின் தலைமாட்டில் இருந்த பாட்டில். சுவரில் சாய்ந்திருந்த பாரதி, அத்தை உள்ளறையிலிருந்து கண்ணாடிக் குடுவையோடு வருவதைப் பார்த்தாள். "அத்தை" என்று எழுவதற்குள் அதில் இருந்ததும் சாக்கடையில் போய்விட்டது.

"சாவு ஊட்ல பழைய தண்ணி இருக்கக் கூடாதும்மா. இன்னா அது, மருந்தா?"

"இல்ல. அதுல படிகம் வளத்துக்கினு இருந்தேன். என் ஆராய்ச்சிக்கு."

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலூர் விடுதியைக் காலி செய்து வந்தபோது ஊற்றி வைத்த கரைசல். அசையாமல், காற்றுப் படாமல் இருந்தால்தான் படிகம் பழுதில்லாமல் வளரும். அதே அறையில் படுத்திருந்த அப்பா, ஆம்பூர் வெயிலில், மூச்சு வாங்கும்போதுகூட, ஃபேனைப் போட விடவில்லை.

"எக்ஸ்ரேவ இதுக்குள்ள உட்டு இன்னா பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டார்.

"உள்ள போற ஒளித்துகள்ல எப்பவாவது ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு வெளிய வரும்ப்பா. எத்தினில ஒண்ணு அப்படிப் பிரியுதுன்னு அளக்கணும்."

"எத்தினில?"

"கோடி கோடில ஒண்ணு."

"அடிப்பாவி. எங்க கம்பெனில நூறு தோல்ல ஒண்ணு ஓட்டைன்னாலே மேஸ்திரி குதிப்பான். கோடில ஒண்ணு தேடறதுக்கா நான் இப்படி வேகறேன்?" சிரிப்பு இருமலில் முடிந்தது. அன்றும் ஃபேன் ஓடவில்லை.

அடுத்த மாதம் ஜப்பானில் அந்த எக்ஸ்ரேவைப் பாய்ச்சும் பெரிய கருவியில் அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இன்னொரு படிகம் அதற்குள் வளராது.

அவள் முகத்தைப் பார்த்த அத்தை சாக்கடையருகே உட்கார்ந்து கைவிட்டுத் துழாவினாள். எடுத்ததை முந்தானையில் துடைத்து நீட்டினாள். விளிம்புகள் கரைந்து, சப்பித் துப்பிய கற்கண்டு போலிருந்தது.

"இதானே கண்ணு? கெட்டுப்போச்சா? எங்கண்ணன் இதுக்காவத்தானே அப்படி வேர்த்துக் கெடந்தாரு. நான் போய்..."

"நல்லாத்தான் இருக்கு அத்தை." பாரதி வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவத் தண்ணீர் வைக்க வேண்டும். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடித் தொட்டி இருந்த எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு அலீனா குழாயடியைக் காட்டி ஒதுங்கி நின்றாள்.

படிகத்தை மூடியிருந்த கையை விரிக்காமல், பாரதி ஒற்றைக் கையால் குழாயைத் திறந்தாள். குடம் நிறைந்து, வழிந்து, அவள் பாதங்களை நனைத்து ஓடியது. அலீனாதான் குனிந்து குழாயை மூடினாள்.