பெட்சீட் வீடு

மூன்றாம் நாளும் பாடசாலை இல்லை என்றதும் ஸக்கியாவுக்குக் கைகால் ஓய்ந்துபோனது. கடலில் எங்கோ உருவான தாழமுக்கம் குறிஞ்சிப்பிட்டியை இப்படிக் குளிரில் நடுங்க வைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மின்விசிறி இல்லாமல் தூங்கத் தெரியாத ஊர், காலை பத்து மணிக்கும் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்தது. அவள் யன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள். பின்கதவைத் தாழிட்டு, அரிசி வாளியையும் அதன் முன்னால் இழுத்து வைத்தாள்.

எட்டு வயது றிப்னாவையும் மூன்று வயது ஸுஹைபையும் இரண்டு நாளாக அவள் வெளியே விடவில்லை. தெரிந்த விளையாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. புளியங்கொட்டை ஆட்டம், தாம்பாளத்து மாவில் எழுத்து, கண்ணைக் கட்டிவிட்டு ஏலக்காயா கருவாடா என்று முகர்ந்து சொல்லும் போட்டி. நேற்றிலிருந்து கரண்ட் இல்லை, போனும் செத்துக் கிடந்தது. பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்பதற்காக ஆடு மாதிரிக் கத்தினாள், பூனை மாதிரித் தவழ்ந்தாள். தவழும்போதும் காது மட்டும் ஸுஹைபின் மூச்சிலேயே இருந்தது. ஒரு சின்ன இழுப்பு கேட்டாலும் தவழ்வதை நிறுத்திவிடுவாள்.

போன டிசம்பரில் இப்படியொரு குளிரில்தான் ரிஃபாஸ் இறந்துபோனான். றிப்னாவுக்கு அடுத்தவன், ஆறு வயது, பிறவியிலேயே மூச்சுமுட்டுக்காரன். காய்ச்சலில் கிடந்த ஸுஹைபைத் தோளில் போட்டபடி ஸக்கியா கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே போயிருந்தான். விழித்துப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது, பிள்ளை முற்றத்துத் தண்ணீரில் தொப்பலாக நின்றான். அன்றே மூச்சு இழுக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மவுத்து. பிள்ளை நனைந்த அன்று விடியற்காலையில் பின்கதவால் தோட்டத்துக்குப் போனவர் அவள் புருஷன் றவூப். "நீங்கதான் கதவத் தொறந்து போட்டுட்டுப் போனீங்க" என்று மையித்தைக் கிடத்தியிருந்த வீட்டில், அத்தனை பேர் முன்னாலும், அவள் கத்தினாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே சோறு, உப்பு, மருந்து என்ற கதையைத் தவிர வேறு கதையில்லை. இன்றைக்கும் வெங்காயப் பாத்தியில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிட அவர் போனபோது, "சாத்திட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பத்தரைக்கு ஸுஹைப் சிணுங்கத் தொடங்கினான். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, மேலே பெட்சீட்டை விரித்து, அவள் வீடு கட்டிக் கொடுத்தாள். இருவரும் உள்ளே புகுந்துகொண்டார்கள். அவள் வெளியே நின்று குரலை மாற்றினாள்.

"வீட்டுக்காரங்க, வீட்டுக்காரங்க! பிஸ்கட் விக்க வந்திரிக்கேன். கதவத் தொறங்க!"

உள்ளே ஸுஹைப் அக்காவிடம் கெக்கலித்தான். "தொறங்க ராத்தா!"

துணி அசையவில்லை. அவள் விளிம்பைத் தூக்கப் பார்த்தாள். உள்ளிருந்து றிப்னா இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"விருந்தாளிய வெளிய நிக்க வெக்கிறதா மகள்?"

"தொறக்க மாட்டேன். தொறந்தா தம்பி மவுத்தாகிருவான்."

ஸக்கியா முழந்தாளிட்டாள். துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. முகம் தெரியாததால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"அண்டைக்கு ரிஃபாஸ் கடதாசிக் கப்பல் உடணுமெண்டு அழுதான் உம்மா. கதவுக் கொண்டி அவனுக்கு எட்டல்ல. நான்தான் தொறந்து உட்டேன்."

ஸக்கியா துணியை ஒரே இழுவையில் இழுத்தாள். கதிரையொன்று சரிந்தது. பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் சொல்லல்ல? இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"வாப்பாட்ட சொன்னேன். அண்டைக்கே சொன்னேன். உம்மாட்ட சொல்லாத, நான் பாத்துக்குறேன் எண்டு சொன்னாங்க."

பிடி தளர்ந்தது. அந்தச் சின்னத் தோளில் தன் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்ததை அவள் பார்த்தாள். உன் குற்றமில்லை மகள் என்று இந்த நொடியிலேயே சொல்லவேண்டும். வாய் திறக்கவில்லை. கொண்டியை எட்டிப் பிடிக்கும் அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. றிப்னா கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, சரிந்த கதிரையை நிமிர்த்தி, பெட்சீட்டை மறுபடி விரித்து, அழுதுகொண்டிருந்த தம்பியையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஸக்கியா அசையவில்லை. முன்கதவு தட்டப்படும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து போய்த் திறந்தாள்.

றவூப் சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேறாக நின்றார். "வெங்காயம் முழுக்க அழுகிட்டு" என்றார், வழக்கமான குரலில். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த விசும்பலையும் கேட்டார்.

"சொல்லிட்டாளா?"

"என்னட்ட ஏன் மறைச்சீங்க? நான் உங்கள எவ்வளவு ஏசினேன்..."

"என்னய ஏசினா நான் தாங்குவேன்." அவர் குரல் கரகரத்தது. "அவள நீ எப்பிடிப் பாப்பாயெண்டு..." மீதியை விழுங்கிக்கொண்டார்.

எப்படிப் பார்ப்பாள் என்பது அந்தத் தோளில் எழுதியிருந்தது. கொடியில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஈரத்தோடு போய்க் குனிந்தார்.

"உள்ளுக்கு எடமிரிக்கா மகள்?"

துணி ஒரு சாண் உயர்ந்தது. அவர் தவழ்ந்து உள்ளே போனார். சேறு படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. அவருடைய ஈரம் பெட்சீட்டில் ஊறிப் பரவியது. அதற்குள் முட்டிக்கொண்டிருந்த மூன்று தலைகளின் வடிவம் மெல்ல மெல்லத் தெரிய வந்தது. திறந்து கிடந்த முன்கதவால் குளிர்காற்று நேராக உள்ளே அடித்தது. ஸக்கியா துவாயைப் பிடித்தபடி நின்றாள்.