நூறு சதவீத முன்னேற்றம்

"எறக்காத நைனா! அது என் மார்க்கு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினாள் கிறிஸ்டினா. காலை ஷிப்ட் முடிந்து சிப்காட் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உள்ளே அவள் அப்பா ஆசீர்வாதம் ஸ்டூல்மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த அவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுச் சுவரில் இருந்தது ஒரே ஆணி. இன்னொன்று அடித்தால் வீட்டு ஓனர் சண்டைக்கு வந்துவிடுவார். மூன்று வருடமாக அதில் கிறிஸ்டினாவின் ஐந்நூற்று நாற்பத்தொன்றுதான் தொங்கியது.

"கோச்சிக்காதம்மா. காலேஜ்லேர்ந்து சோனியாவுக்கு சர்ட்டிபிகேட் வந்துக்குது. கல்வி முன்னேற்றம் நூறு சதவீதமாம்! கலர்ல போட்டுக்கிறாங்க பாரு."

நூறாம்! கிறிஸ்டினாவுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? அவளுக்கும் ஒரு காலத்தில் பி.காம். சீட் கிடைத்தது. அந்த வருடம் பார்த்துத்தான் ரோலிங் மில்லில் ஆசீர்வாதத்தின் கை வெந்துபோய், நாலு மாதம் வீட்டில் கிடந்தார். அம்மாவும் இல்லாத வீடு. கிறிஸ்டினா கம்பெனி யூனிபார்ம் மாட்டிக்கொண்டாள். அடுத்த வருடம் தங்கச்சி சோனியாவுக்கு, கபடி ஆடுகிறாள் என்பதற்காக, நாலு ஸ்டேஷன் தள்ளி இருந்த தனியார் கல்லூரியில் அதே பி.காம். இலவசமாகக் கிடைத்தது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து!

வீட்டில் யாரும் இல்லாதபோது பெட்டியைத் திறந்து, சோனியாவின் சேர்க்கைக் கடிதத்தை எடுத்துப் படிப்பது கிறிஸ்டினாவின் வழக்கம். யாருக்கும் தெரியாது. எத்தனை முறை படித்திருப்பாளோ, முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆட்டத்தில் சோனியாவின் முட்டி ஜவ்வு கிழிந்தபோது இவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து மறுபடியும் பொறாமைப்பட்டாள்.

இப்போது கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கச்சிமேல் பாய்ந்தாள்.

"நூறு எடுத்தவளே, ஒரு பேலன்ஸ் ஷீட்டு போட்டுக் காட்டு, பாக்கலாம்."

சோனியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாடி?"

"தெர்லக்கா."

"தெர்லயா? ரெண்டு வருஷமா இன்னாத்த படிச்ச?"

"கிளாஸுக்கு எங்க வுட்டாங்க? மொத்தமா நாப்பது நாள் போயிருந்தா பெருசு. எந்நேரமும் கிரவுண்டுதான். அட்டெண்டன்ஸ அவங்களே போட்டுக்குவாங்க. பரீட்சைக்கு மொத நாள் கோச் தணிகைவேல் சார் பத்து கேள்வியும் பதிலும் குடுப்பாரு. அதான் வரும். அப்டியே எழுதிட்டா பாஸு."

இரண்டு வருடமாக இதைப் பார்த்தா கிறிஸ்டினா வயிறெரிந்தாள்?

சாயங்காலம் கோச் தணிகைவேல் புல்லட்டில் வந்து இறங்கினார். ஆசீர்வாதத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார, ஆசீர்வாதம் நின்றார்.

"இன்னா ஆசீர்வாதம், சர்ட்டிபிகேட்டோட ஒரு பேப்பர் அனுப்பினேனே, கையெழுத்து போட்டியா?"

"லீவு லெட்டர்தான சார், தோ போட்றேன்." அவர் பேனாவைத் தேடினார்.

பேப்பர் அதற்குள் கிறிஸ்டினா கைக்குப் போயிருந்தது. சத்தமாகப் படித்தாள். "'என் மகள் தன் சொந்த விருப்பத்தின் பேரில் கல்லூரியிலிருந்து விலகிக்கொள்கிறாள்.'"

"இன்னா சார் இது? லீவுன்னீங்களே?" என்றார் ஆசீர்வாதம்.

"ஆமாய்யா, பெரிய லீவு." தணிகைவேல் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "த பாரு, முட்டி போச்சி. இனிமே ஆட முடியாது. ஆடாத பொண்ணுக்கு எவன் கேள்வி குடுப்பான்? ஏப்ரல்ல எழுதினா பெயிலு. பெயிலானா டீம் ரேட்டிங் வுழுந்துடும். பாஸா இருக்கசொல்லவே தானா வெலகிட்டான்னா அவ கணக்குலயே வரமாட்டா, நூறு நூறாவே நிக்கும். அத்த காட்டித்தான் ஸ்பான்சர் வாங்கறோம்."

"அந்த நூற எப்டி சார் போடறீங்க?" என்றாள் கிறிஸ்டினா.

"ரெஜிஸ்டர்ல பேரு இருந்தா ஒரு பாயிண்ட்டு. மேட்ச் ஆடத் தகுதி இருந்தா ஒரு பாயிண்ட்டு. அவ்ளோதான்."

"படிச்சதுக்கு?"

"படிச்சதுக்கா?" நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "உங்க ஆளுங்களுக்கு ஒடம்புதாம்மா சொத்து. அது ஒடைஞ்சி போச்சி. படிப்ப வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?"

ஆசீர்வாதத்தின் முகம் சிறுத்துவிட்டது. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று சுமந்த காலத்திலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பேனாவைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார்.

கிறிஸ்டினா கோச்சின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "சேர்க்கைக் கடிதம், நாலாவது பத்தி. 'மேற்படி மாணவிக்கு மூன்றாண்டுப் படிப்பு முடியும்வரை கல்விக் கட்டணம் இல்லை.' ஆடினாத்தான்னு அதுல ஒரு வார்த்த கெடையாது சார். கீழ பிரின்சிபால் கையெழுத்து, பச்ச இங்க்கு."

"உனுக்கு எப்டிக்கா தெரியும்?" சோனியா வாயைப் பிளந்தாள்.

"வயித்தெரிச்சல்ல படிச்சேன்டி."

தணிகைவேல் எழுந்துவிட்டார். "ஹாஸ்டலும் சோறும் அதுல இல்ல. நாளைக்கே காலி பண்ணணும்."

"ரயில்ல போய் வந்துக்கறேன் சார்." கட்டிலைப் பிடித்துக்கொண்டு சோனியா எழுந்து நின்றாள். வலியில் உதட்டைக் கடித்தாள்.

"பெயிலாவ!"

"ஆவறேன் சார். என் கையால எழுதி பெயிலாவறேன்."

புல்லட் கிளம்பிப் போன சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஆசீர்வாதம் அந்தப் பேப்பரை நாலாகக் கிழித்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் இனிப்பாக நடந்துவிடவில்லை. சோனியா நொண்டிக்கொண்டே ரயிலேறினாள். இவள் வகுப்பில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வாத்தியாரே திகைத்தாராம். இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, பழைய பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு கிறிஸ்டினா சொல்லிக்கொடுத்தாள். "மரமண்ட, பற்று இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம்" என்று தலையில் குட்டினாள். சமயத்தில் அந்தக் குட்டு தேவைக்கு மேல் பலமாகவே விழுந்தது.

ஜூனில் ரிசல்ட் வந்தது. அக்கவுண்ட்ஸில் இருபத்து மூன்று. பெயில்.

கல்லூரி வாசலில், 'எங்கள் கபடி அணி: கல்வி முன்னேற்றம் 100%' என்று வைத்திருந்த பேனரைக் கழற்றிவிட்டார்களாம். ஆசீர்வாதமும் ஸ்டூலில் ஏறி அந்தக் கலர் சர்ட்டிபிகேட்டைக் கழற்றினார். பழைய இடத்துக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று திரும்பி வந்தது. கிறிஸ்டினா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கச்சியின் மார்க் ஷீட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நவம்பர்ல திருப்பி எழுதலாம்னு சொல்லிட்டாங்கக்கா," என்றாள் சோனியா.

திருப்பி எழுதலாமாம்! நூறைப் பார்த்து எரிந்ததைவிட அந்த இருபத்து மூன்றைப் பார்த்துத்தான் கிறிஸ்டினாவுக்கு வயிறு அதிகமாக எரிந்தது. அது சோனியாவே வாங்கிய மார்க். சுவரில் தொங்கும் ஐந்நூற்று நாற்பத்தொன்றிடம் வந்து 'நீயும் பி.காம். எழுது' என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது கணக்க ஏன்டி வுட்ட? நோட்ட எடு."