வடமாலபேட்டையில் நடந்து போன கார்

நாத்தனார் சந்தியாவையும் அவள் பெற்ற பெண் குழந்தையையும் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய நாள் அது. யமுனா விடியற்காலையிலேயே எழுந்து வீட்டைக் கழுவி, தூளி கட்டி, மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காரின் பின்சீட்டில் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தாள். எல்லாம் தயார். காருக்குள் இருந்த அந்தச் சத்தம்தான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

கார் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தூரில் ஒரு வாத்தியார் வெகுகாலம் ஓட்டிய வண்டி. விஜயபுரத்தை ஒட்டிய அவர்கள் கிராமத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்த முதல் கார் அதுதான். மாமனார் வெங்கடசாமி முதல் நாள் அதில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினார். நகரி போய் இறங்கியபோதுதான் வெறுங்கால் ஞாபகம் வந்தது.

யமுனாவுக்குக் காரின் மேல் ஆசை வந்த கதை வேறு. மகன் பிறந்தபோது அவள் ஷேர் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தாள். தையல் காயாத உடம்பு, மடியில் பச்சைக் குழந்தை, காலடியில் யாருடையதோ தக்காளிக் கூடை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். சந்தியாவுக்கு அப்படி நேரக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது. நாராயணவனத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒரு டயர் பஞ்சர் ஆனது. யமுனாவின் கணவன் கிரண்குமார், உறவு சனம் சுற்றி நின்று பார்க்க, ஜரிகை வேட்டியோடே ஸ்டெப்னியை மாட்டினான். "மெக்கானிக்கு இன்னாத்துக்கு? பாரு, வேட்டில ஒரு பொட்டு அழுக்கு இல்ல" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தான். அடுத்த நாளிலிருந்து சக்கரத்துப் பக்கம் லொடக், லொடக் என்று ஏதோ உருண்டது.

கிளம்பும்போது கேட்கும், நிற்கும்போது கேட்கும். நடுவில் காணாமல் போய்விடும். நகரியில் ஒரு மெக்கானிக் வண்டியைப் பெரிய ரோட்டில் விரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே கேக்கலியேம்மா" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். டிக்கியில் ஜாக்கி ஆடுகிறது என்று கிரண் அதைப் பழைய புடவையில் சுற்றி வைத்தான். வெங்கடசாமியோ, "எலிதாம்மா. உள்ள குடித்தனம் பண்ணிக்கினு கீது" என்றார். எதற்கும் சத்தம் அடங்கவில்லை. கடைசியில் கிரண் பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான்.

அன்றைக்கும் பாட்டோடுதான் கிளம்பினார்கள். மாமியார் வெங்கடம்மா ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தாள். புத்தூர் தாண்டி, வடமாலபேட்டை வந்ததும் ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பாட்டையும் மீறி அது கேட்டது.

"பாட்ட நிறுத்துங்க" என்றாள் யமுனா.

"நல்ல பாட்டு யமுனா."

"நிறுத்துங்கன்றேன்ல."

லொடக்... லொடக்... லொடக். விடாமல் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மெதுவா போனாத்தாங்க வருது. வேகம் எடுத்தா கம்முனு ஆயிடுது. அந்த மெக்கானிக் அண்ணன் வெரட்டிக்கினு போனாரு. அவருக்கு எப்டிக் கேக்கும்? ஓரமா விடுங்க. நான் எறங்கி வண்டி கூடவே நடக்கறேன். நீங்க நடக்கற வேகத்துலயே ஓட்டுங்க."

"ரோட்டுல போறவங்கல்லாம் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பச்சக் கொழந்தய ஏத்தப் போற வண்டி. இது இன்னான்னு தெரியாம நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்."

பின்சீட்டிலிருந்து வெங்கடசாமி கதவைத் திறந்துவிட்டார். "நீ அந்தாண்ட நட யம்மா, நான் இந்தாண்ட நடக்கறேன்."

ரோட்டோரத்தில் ஒரு டிபன் கடைக்கு முன்னால் நல்ல இடம் இருந்தது. கார் ஆமைபோல நகர, யமுனா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது பக்கம் குனிந்து நடந்தாள். வெங்கடசாமி வலது பக்கம் காதில் கையை வைத்துக்கொண்டு நடந்தார். கடைக்காரி ஷோபா தோசைத் திருப்பியோடு வெளியே வந்து, "ஏமைந்தக்கா?" என்று தெலுங்கில் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"சக்கரத்துல சவுண்டு வஸ்தாந்தி அக்கா. எங்கருந்துன்னு தெரியல" என்று இரண்டு பாஷையையும் கலந்து சொன்னாள் யமுனா.

"அய்யோ" என்றபடி ஷோபாவும் சேர்ந்து நடந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு சேர்ந்துகொண்டார்கள். எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, என்ன ஊர்வலம், எந்தச் சாமி என்று தெலுங்கில் விசாரித்தார். "எம் பேத்திய கூட்டியாரப் போற சாமி!" என்று வெங்கடசாமி சத்தமாகச் சொன்னார். கிரண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

முன்சக்கரத்தில் ஒன்றுமில்லை. யமுனா பின்சக்கரத்துக்கு நகர்ந்தாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்போதெல்லாம் உள்ளே எதுவோ மேலே ஏறிப்போய் விழுந்தது. அவள் கையால் காரைத் தட்டினாள்.

"நிறுத்துங்க! இங்கதான்! வீல் கப்புக்குள்ள!"

கிரண் இறங்கி வந்தான். "இதுவா? இது நான் மாட்டின வீலாச்சே. இதுல ஒண்ணும் இருக்காது."

யமுனா ஷோபா பக்கம் கையை நீட்டினாள். ஷோபா தோசைத் திருப்பியைக் கொடுத்தாள். சக்கரத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியின் இடுக்கில் அதைச் செருகி ஒரு நெம்பு நெம்பியதும் மூடி கழன்று வந்தது. உள்ளிருந்து ஒரு நட்டு விழுந்து வெங்கடசாமியின் கால் வரைக்கும் உருண்டு போனது.

எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். நாலு போல்ட்டில் மூன்றில்தான் நட்டு இருந்தது. யமுனா அதில் ஒன்றை விரலால் தொட்டாள். அது அசைந்தது.

சத்தம் போட வாயைத் திறந்தவள் கிரண் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் விரித்திருந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டின நட்டயெல்லாம் கப்புலதான் போட்டு வெச்சேன்" என்றான் மெதுவாக. "எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்களா... சீக்கிரம் முடிச்சுக் காட்டணும்னு... அப்டியே மூடிட்டேன் போல."

வெங்கடசாமி குனிந்து நட்டை எடுத்துத் துடைத்து மகன் கையில் வைத்தார். "ஆனது ஆச்சு. ஒண்ணும் ஆவல இல்ல? மாட்டு. இந்தத் தபா வேட்டி அழுக்கானா ஆவட்டும்."

முதலில் சிரித்தது யமுனாதான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஷோபாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரிக்க, டம்ளர்க்காரர்களும் சிரிக்க, கடைசியில் கிரணே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு ரோட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து நாலு சக்கரத்து நட்டையும் ஒன்று விடாமல் முறுக்கினான். ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் ஒரு மிதி மிதித்தான். மறுபடியும் எல்லாரும் காரோடு நடந்தார்கள். டயருக்கடியில் சரளை நெரிவது மட்டும் கேட்டது. ஸ்கூட்டர்காரர் கை தட்டினார். ஷோபா எல்லாருக்கும் டீ போட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வெங்கடம்மா குழந்தையை வைத்துக்கொண்டு, "எவ்ளோ நேரமா நிக்கறது?" என்று ஆரம்பித்தாள். யமுனா அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. சின்ன முகம், நெற்றி வரை முடி, தூக்கத்தில் எதையோ சப்பிக்கொண்டிருந்த வாய். வெங்கடசாமி தொடப் பயந்து தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

சந்தியா பின்சீட்டில் அம்மா அப்பாவுக்கு நடுவே வேட்டி மேல் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். கிரண் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவன்போல ஓட்டினான். ஊர் தாண்டும் வரைக்கும் அந்த லொடக் திரும்பி வருகிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா எல்லாரும் உம்முனு வரீங்க?" என்றாள் சந்தியா. "பொண்ணு பொறந்ததுல ஏதாச்சும் மனக்கஷ்டமா?"

"அய்யோ, அது இல்லடி!" என்று யமுனா முன்சீட்டிலிருந்து திரும்பி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கதையை ஆரம்பித்தாள். ஊர்வலம் வந்த இடத்தில் வெங்கடசாமி புகுந்து பேசினார். தோசைத் திருப்பி வந்த இடத்தில் சந்தியா, "சிரிக்க வெக்காத அண்ணி, வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் களேபரத்தில் குழந்தை விழித்து வீறிட்டது.

கிரண் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினான். சந்தியா பால் கொடுக்கட்டும் என்று ஆண்கள் இரண்டு பேரும் இறங்கி மரத்தடிக்குப் போனார்கள். யமுனாவும் இறங்கிக் காரின் மேல் சாய்ந்து நின்றாள். உள்ளே அழுகை மெல்ல அடங்கி, குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. மரத்தடியில் வெங்கடசாமி மகனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்பதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.